நாற்பத்தைந்து போக மீதி பதினைந்து

"உங்கள் கான்சன்ட்ரேஷன் என்ன?" என்று கல்லூரி ஆலோசகர் கேட்டபோது எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. நம் வீடுகளில் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு உள்ள அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே பராக்குப் பார்க்கிற பிள்ளையை அதட்டுவதற்கு வாத்தியாரும், பரீட்சைக்கு முந்தின நாள் டி.வி.யை அணைத்துவிட்டுப் புலம்புவதற்கு அம்மாவும் எடுத்தாளுகிற வார்த்தை அது. இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து, 44 வயதில் மறுபடியும் புஸ்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்லூரியின் முதல் பருவத்தில் பாதியைக் கடந்து வந்திருக்கிற என்னைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாக இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறாரே என்று திகைத்து, "இப்போது பரவாயில்லை, முன்னைக்கு நன்றாகவே இருக்கிறது" என்று பதில் சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த காகிதம் ஒன்றை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். சரித்திரம், உளவியல், சமூகவியல், தத்துவம், ஆங்கில இலக்கியம், அரசியல் என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்துக்குள் எந்த ஒரு துறையில் மனத்தைக் குவிக்கப் போகிறேன் என்பதுதான் அவர் கேட்ட கேள்வியாம். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்வதற்குள் சொன்னால் போதுமாம்.

அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொன்ன நாளுக்கும் இடையில் எட்டு வாரம் கழிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய அந்த எட்டு வாரத்துச் சஞ்சலத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஊரில் விசேஷ வீடுகளில் சந்திக்கிற என் வயதுப் பெண்கள் சிலர், "நானும் சேரலாம்னு இருக்கேன் அக்கா, ஆனா எதை எடுக்கறதுன்னு தெரியலை" என்று சமையலறை ஓரத்தில் நின்று ரகசியம் போலக் கேட்பதால் எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கேள்வி இவ்வளவு பாரமாக இருந்ததற்குக் காரணம், என் ஆயுளில் ஒரு தடவைகூட இது என்னிடம் கேட்கப்பட்டதில்லை என்பதுதான். பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்பதை நம் ஊரில் மார்க்கே தீர்மானித்துவிடும்; மார்க் தீர்மானிக்காமல் விட்டதை வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு எனக்கு மார்க் போதவில்லை. காமர்ஸ் குரூப் என்று அண்ணன் விண்ணப்பத்தை நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வழியே பி.காம்.; அதன் இரண்டாம் வருஷத்தில் கல்யாணம்; அப்புறம் விமானம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேர்ந்தெடுப்பது என்பதும் நீச்சலைப் போல ஓர் அப்பியாசம், சின்ன வயதில் தண்ணீரில் இறங்காதவளை 44 வயதில் கரையில் நிறுத்தி, "எந்தப் பக்கமாக நீந்தப் போகிறாய்?" என்று கேட்டால் அவளுக்குக் கால் நடுங்கத்தான் செய்யும்.

நான் இருப்பது அமெரிக்காவில், நியூஜெர்சியில். படிப்பது கம்யூனிட்டி காலேஜில். அதை இங்கே கவுண்டி காலேஜ் என்று சொல்லுவதே வழக்கம். கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. 1962-ல் மாகாணச் சட்டசபை இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 1966-ல் முதல் சில கல்லூரிகள் திறந்தன. இன்று 21 கவுண்டிகளுக்குமாக 18 கல்லூரிகள் இருக்கின்றன. இந்தத் தேசத்தில் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுக்கெல்லாம் மூத்தது இல்லினாய் மாகாணத்து ஜோலியட் கல்லூரி. சிகாகோ சர்வகலாசாலையின் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் ஊர் ஹைஸ்கூலின் தலைமையாசிரியரான ஸ்டான்லி பிரௌனும் கலந்து யோசித்து, வெளியூர் போய்த் தங்கிப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள் சர்வகலாசாலைப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தைச் சொந்த ஊரிலேயே முடித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில், 1901-ல் ஆறே மாணவர்களோடு அதை ஆரம்பித்தார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கென்று ஏற்பட்ட படிப்பு என்று தெரிந்ததும், அந்த ஆறு பேரோடு எனக்கு ஏதோ ஓர் உறவு ஏற்பட்டதுபோல் இருந்தது.

லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைபேசியில் இந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணன், "ஏம்மா, இந்த வயசுல படம் வரையவா போற?" என்றார். அவர் மேல் தப்பில்லை. நம்மில் ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று சொல்வதைப் போல, ரோமாபுரி வழி வந்தவர்கள் ஏழு கலைகளைச் சொன்னார்கள்: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று, எண்கணிதம், க்ஷேத்திர கணிதம், சங்கீதம், வானசாஸ்திரம் என்று நான்கு. அடிமையாக இல்லாத சுதந்திரப் பிரஜை கற்கத் தகுந்தவை என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. காலம் மாறி, ஏழு என்ற கணக்குப் போய், இன்று இலக்கியம், சரித்திரம், சமூக விஞ்ஞானங்கள், இயற்கை விஞ்ஞானம், கணிதம் எல்லாவற்றையும் ஒரு குடையின் கீழ்க் கொண்டுவருகிற பெயராக அது நிற்கிறது.

சஞ்சலம் பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை காலையில், வீட்டு மாதக் கணக்குப் போடுகிற நோட்டிலேயே இந்தப் பட்டத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஏ.ஏ. என்கிற இரண்டு வருஷப் பட்டத்துக்கு 60 கிரெடிட் வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி வீதம் 15 வாரம் நடக்கிற பாடத்துக்கு 3 கிரெடிட். ஆகவே மொத்தம் ஏறக்குறைய இருபது பாடம். அந்த 60-ல் 45, பொதுக்கல்வி என்று மாகாணத்துக் கவுண்டி கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே மாதிரி வகுக்கப்பட்டது. எழுத்துக்கும் பேச்சுக்கும் 9, கணிதம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் சேர்ந்து 12, சமூக விஞ்ஞானத்துக்கு 6, இலக்கியம், தத்துவம், பாஷை முதலிய மானுடக் கலைகளுக்கு 9, சரித்திரத்துக்கு 6, பலவகை ஜனங்களின் வாழ்க்கையை அறிகிற பாடத்துக்கு 3. வாடகையும் மளிகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் போகக் கையில் மிஞ்சுகிற தொகையைப் போல, கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 15. ஐந்தே பாடம்! ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான் யோசித்தது இந்த ஐந்து பாடத்தைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தது, உண்மையில் ஒரு பயணத்துக்குத் துணையாக வருகிறவளைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கான விஷயம். நாலு வருஷப் பட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே மேஜர் என்று இன்னொரு தடவை தேர்ந்தெடுக்கத்தான் போகிறார்கள். இங்கே எடுத்ததையே அங்கேயும் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

கான்சன்ட்ரேஷன் என்ற இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் ஒரு ஸ்வாரஸ்யமான கதை கிடைத்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1869 முதல் 1909 வரை நாற்பது வருஷம் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவன் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் அழுத்தமான நம்பிக்கை உள்ளவர். பழைய கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக அவர் விலக்கிக்கொண்டே வர, அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில் முதல் வருஷத்து ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றுதான் ஏறக்குறையக் கட்டாயமாக மிஞ்சியது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவல், இப்படி விட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு ஒன்றிலும் ஆழம் காணாமல் போய்விடுவார்கள் என்று கவலைப்பட்டு, ஒரு துறையில் குவிய வேண்டும், மற்றத் துறைகளில் பரவவும் வேண்டும் என்று இரட்டை விதியை ஏற்படுத்தினார். குவிதலுக்கு அவர்கள் இட்ட பெயர்தான் கான்சன்ட்ரேஷன். நூறு வருஷத்துக்கு முன் பணக்காரப் பிள்ளைகளின் கல்லூரியில் இரண்டு பெரிய மனிதர்களின் அபிப்பிராய பேதத்தில் பிறந்த ஒரு சமரசம், இன்று காய்கறி வாங்கிவிட்டு வருகிற வழியில் வகுப்புக்குப் போகிற என் விண்ணப்பத்தில் ஒரு கட்டமாக வந்து நிற்கிறது. எலியட் காலத்திலும் தப்பிப் பிழைத்த அந்த ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை நானும் அப்போது படித்துக்கொண்டிருந்தேன் என்பது தனி வேடிக்கை.

இனி வீட்டாரின் ஆலோசனைகள். "என்ன எடுத்தாலும் கம்ப்யூட்டர் பக்கமா எடுத்துக்கோ" என்பது கணவர் கட்சி. "படிச்சு முடிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்பது அண்ணன் கட்சி. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பெரியவள், "உனக்கு எது பிடிக்குதோ அதை எடும்மா" என்றாள். கேட்பதற்கு மிகவும் சுலபமாக இருந்த அந்த வார்த்தைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. எனக்கு எது பிடிக்கும்? எல்லாருக்கும் பிடித்ததைச் சமைத்துச் சமைத்து, தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோன நாக்கைப் போல என் மனசும் ஆகிவிட்டிருந்தது.

பிடிப்பது எது என்று தெரியாத நிலையில், கௌரவமாகத் தோன்றியதை எடுத்தேன். மனசுக்குள் உளவியல் என்று முடிவு செய்துகொண்டேன். அதன் அறிமுகப் பாடத்தை ஏற்கெனவே படித்து வந்தேன்; நல்ல மார்க்கும் வந்தது. ஆனால் என்னை நானே கவனித்ததில் ஒரு விஷயம் தென்பட்டது. உளவியல் வீட்டுப்பாடத்தை ஞாயிறு ராத்திரி பாத்திரம் கழுவின பிறகுதான் எடுப்பேன். அதே பருவத்தில், பொதுக்கல்விக் கட்டத்தை நிரப்புவதற்காக மட்டும் சேர்ந்திருந்த சமூகவியல் வீட்டுப்பாடமோ வெள்ளிக்கிழமை சாயங்காலமே மேஜை மேல் விரித்துக் கிடக்கும். மனிதர் வாய் ஆயிரம் சொல்லும். எந்த நோட்டு முதலில் திறக்கிறது என்பது பொய் சொல்லாது.

அந்தச் சமூகவியல் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பொது இடம் ஒன்றில் ஒரு மணி நேரம் இருந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல், கண்ணில் பட்டதை மட்டும் எழுதிவர வேண்டும். நான் எடிசனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய், ஒரு மளிகைக் கடையில் காய்கறிப் பகுதிக்கு எதிரே நின்றுகொண்டேன். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து எடுக்கிறவர்கள் யார், ஒடிக்காமல் அள்ளிப் போடுகிறவர்கள் யார். வீட்டுக்குப் போன் போட்டுக் காயைக் காமிராவில் காட்டி உத்தரவு வாங்குகிற ஆண்கள் எத்தனை பேர். தள்ளுவண்டியைத் தள்ளுவது மருமகளா, மாமியாரா என்றெல்லாம் எழுதி, கடைசியில், "அந்த முதியவர் தனிமையில் வாடுகிறார்" என்றும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். பேராசிரியை மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியின் கீழே கோடு போட்டு, "இதைப் பார்த்தீர்களா, ஊகித்தீர்களா?" என்று எழுதியிருந்தார். எனக்கு உடனே எங்கள் ஆச்சியின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, தெருவில் போகிறவர் வருகிறவரின் கைப்பையைக் கொண்டே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடக் கூடியவள் அவள். அதை நாங்கள் வம்பு என்று சொல்லிக் கேலி செய்தோம். பார்த்தது இன்னது, ஊகித்தது இன்னது என்று பிரித்து எழுதக் கற்றுக்கொண்டால் அந்த வம்பே ஒரு சாஸ்திரமாகிவிடும் என்பதை அந்தச் சிவப்புக் கோடு எனக்குச் சொன்னது.

அதன் பிறகு கல்லூரி நூலகத்தில் சமூகவியல் அலமாரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ரைட் மில்ஸ் என்பவர் 1959-ல் எழுதிய சமூகவியல் கற்பனையைப் பற்றிய புஸ்தகத்தில், தனி மனிதனின் கஷ்டத்துக்கும் சமூகத்தின் பிரச்னைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுகிறார். ஓர் ஊரில் ஒருவனுக்கு மட்டும் வேலையில்லை என்றால் அவனுடைய சாமர்த்தியத்தைப் பார்க்கலாம். ஒரு தேசத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு இல்லையென்றால் அந்தத் தேசத்தின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இதைப் படித்தபோது, என் படிப்பு பாதியில் நின்றதை இருபத்து நான்கு வருஷமாக என் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு வந்த நான், எங்கள் தெருவில் அதே வருஷங்களில் பாதியில் நின்றவர்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு கை போதவில்லை. ஒரே தெருவில் இத்தனை பேருக்கு ஒரே எழுத்தா என்று தோன்றியது. துக்கம் குறைந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் ஒருத்தியுடையதாக இல்லாமல் போயிற்று.

அதே அலமாரியில்தான் மைசூர்க்காரரான எம்.என். ஸ்ரீனிவாசின் புஸ்தகமும் அகப்பட்டது. 1948-ல் மைசூர்ச் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கித் தாம் பார்த்ததையெல்லாம் குறிப்பெழுதி, வருஷக் கணக்காக ஒழுங்கு செய்து வைத்திருந்தார். 1970-ல் அவர் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது யாரோ அவர் வேலை செய்த கட்டடத்துக்குத் தீ வைத்துவிட, அப்படி ஒழுங்கு செய்த குறிப்புகளின் பிரதிகள் எரிந்துபோயின. அவர் சோர்ந்துவிடாமல் ஞாபகத்தைத் துணையாகக் கொண்டு அந்தக் கிராமத்தை எழுத, 1976-ல் அது நூலாக வெளிவந்தது. அந்நிய தேசத்தில் உட்கார்ந்து விட்டு வந்த ஊரை நினைவால் எழுப்புவது என்பது, எங்களைப் போன்றவர்கள் தினமும் அடுப்படியில் செய்கிற காரியம். அதைப் படிப்பாகவும் செய்யலாம் என்று தெரிந்த அன்றே என் கான்சன்ட்ரேஷன் முடிவாகிவிட்டது.

இனி, கேட்கிற சகோதரிகளுக்காகச் சில லௌகீகமான விஷயங்கள். ஆசையைச் சுதந்திரமாக விடுங்கள். கணக்கைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஏ. பட்டம் மேற்படிப்புக்கு மாறிப் போவதை உத்தேசித்தது, ஏ.ஏ.எஸ். என்று இன்னொரு எழுத்துக் கூடின பட்டம் நேராக வேலைக்குப் போவதை உத்தேசித்தது. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் சேர்ந்துவிட்டால் பின்னால் சில கிரெடிட்டுகள் அந்தரத்தில் நின்றுபோகக் கூடும். நியூஜெர்சியில் 2007-ல் வந்த லாம்பிட் சட்டத்தின் புண்ணியத்தால், ஏ.ஏ. முடித்தவரை இந்த மாகாணத்துப் பொது சர்வகலாசாலை ஒன்று சேர்த்துக்கொண்டால், அந்தப் பட்டத்தை முதல் இரண்டு வருஷமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் சேர்த்துக்கொள்வதே அவர்கள் இஷ்டம் என்பதை மறக்கக் கூடாது. பெல் கிராண்ட் என்கிற மத்திய சர்க்கார் உதவிப் பணம், உங்கள் பட்டத்துக்குக் கணக்காகிற பாடங்களுக்கு மட்டுமே கிடைக்கும். சும்மா ஆசைக்கு எடுக்கிற பாடத்துக்குக் கிடைக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், சங்கிலிப் பாடங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று கணிதமும் அந்நிய பாஷையும் வருகின்றன. பொருளாதாரத்தில் மேலே போக நினைத்தால் கால்குலஸ் வேண்டியிருக்கும். உளவியலுக்கும் சமூகவியலுக்கும் புள்ளியியல் வேண்டியிருக்கும். சங்கிலியின் முதல் கண்ணியை முதல் வருஷத்திலேயே பிடித்துவிட்டால், பிற்பாடு மனசு எப்படி மாறினாலும் நஷ்டம் ஒரு பாடத்தோடு போய்விடும்.

இவ்வளவு விரிவான பட்டியலை மாணவர் முன் வைப்பதே பிசகு என்று சொல்லுகிறவர்களும் உண்டு. கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் பெய்லி முதலிய மூவர் 2015-ல் வெளியிட்ட ஒரு நூலில், இந்தக் கல்லூரிகள் வேண்டியதைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிற ஓட்டலைப் போல எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, எதை எப்படி எடுப்பது என்று சொல்லாமல் விட்டுவிடுவதால் பலர் திக்குத் தெரியாமல் நின்றுவிடுகிறார்கள் என்றும், தெளிவான பாதைகளைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் வாதிக்கிறார்கள். நியாயமான வாதந்தான், நானே எட்டு வாரம் அப்படி நின்றவள். ஆனால் இலை போட்டுப் பரிமாறுகிற பந்தியிலேயே ஆயுள் முழுவதும் சாப்பிட்டவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாற்பத்தைந்து கிரெடிட் வரை அவர்களே பரிமாறட்டும், சந்தோஷம். கடைசிப் பதினைந்தை மட்டும் நானே எட்டி எடுத்துக்கொள்கிறேன். பிசகினாலும் அது என் பிசகாக இருக்கட்டும்.

பருவத்தின் கடைசி வாரத்தில் அதே ஆலோசகரின் அறைக்குப் போனேன். "சோஷியாலஜி" என்றேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், "ஆயிற்று" என்றார். அரை நிமிஷங்கூட ஆகவில்லை. "மனசு மாறினால்?" என்று கேட்டேன். "இன்னொரு தடவை வாருங்கள்" என்றார்.

அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அது என்னம்மா படிப்பு?"

"நம்ம ஆச்சி திண்ணையில உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டே இருப்பால்லா அண்ணே, அந்தப் படிப்புதான்."

சற்று நேரம் மறுமுனையில் சப்தமில்லை.

"அதுக்குப் பரீட்சை வேற வைக்காங்களா?" என்றார்.